கடைசிப் பக்கத்துப் புளி

நாவல் என்றால் என்னவென்று தெரிவதற்கு முன்பே அது ஆபத்தானது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஏழாம் வகுப்பில் பள்ளியில் நூலக அட்டை வாங்கிக் கொடுத்தார்கள். "நாவல்ல என்னென்னமோ எழுதியிருப்பானுங்க. பெரியவங்க யாராச்சும் பாத்துட்டுப் புள்ளைகிட்ட குடுங்க" என்றார் பெரியப்பா. எங்கள் கூட்டுக் குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள், "நான் பாத்துக் குடுக்கறேங்க" என்று பெரியம்மா முந்திக்கொண்டார். அந்த அவசரம் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் எங்கள் ஊர். கோடை தொடங்கினால் வாசல் முழுக்கப் புளி குவிந்துவிடும். பெண்கள் சுற்றி உட்கார்ந்து தட்டிக் கொட்டை எடுப்பார்கள். டிவியில் சீரியல் ஓடும். அதற்கு யாரும் தடை சொன்னதில்லை, காது சீரியலில் இருந்தாலும் கை புளியில் இருக்குமே. புத்தகம் கையையும் கண்ணையும் சேர்த்துக் கேட்கும். அதனால் எங்கள் வீட்டுப் பெண்கள் புத்தகம் படித்தால் அது சோம்பல். பிள்ளைக்காகப் பார்த்துக் கொடுத்தால் மட்டும் அது வேலை.

சனிக்கிழமை நான் நூலகத்துக்குக் கிளம்பும்போது பெரியம்மா கூப்பிட்டுச் சொல்வார்: "குண்டா இருக்கறதா பாத்து எடுத்துட்டு வா கண்ணு. ஒல்லிப் பொஸ்தகத்துல ஒண்ணும் இருக்காது."

கெட்டதைத் தடுக்க வேண்டியவர், கெட்டது ஒளிந்துகொள்ள வசதியான புத்தகமாக ஏன் கேட்கிறார்? நானும் அட்டைப் படத்தைப் பார்த்து, முதல் பக்கத்தைப் படித்து, ஆசை ஆசையாக ஒன்றை எடுத்து வருவேன். வாரம் முழுக்க அது அவரிடம் இருக்கும். அடுத்த சனிக்கிழமை, "பத்துப் பக்கத்துலயே தெரிஞ்சு போச்சு. இது உனக்கு ஆவாது, வேற எடுத்துட்டு வா" என்று திருப்பிக் கொடுப்பார். எடுத்ததெல்லாம் இப்படியே போனது. ஊர் நூலகத்தில் நல்ல நாவலே இல்லையா, என் கைக்குத்தான் ராசி இல்லையா என்று குழம்பினேன்.

ஒரு சனிக்கிழமை போகும் வழியில் சைக்கிளை நிறுத்தி, அந்தக் கெட்டதுதான் என்ன என்று திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு பெண் தனியாக ரயிலேறிப் போகிறாள், வேலை பார்க்கிறாள், மழையில் நின்று டீ குடிக்கிறாள். கெட்டது எதுவும் கண்ணில் படவில்லை. பக்க ஓரங்களில் பழுப்பாக விரல் அடையாளங்கள்தான் பட்டன. முகர்ந்து பார்த்தேன், புளி. பத்தாம் பக்கத்தோடு அது நிற்கவில்லை. என்னை இத்தனை நாளாக ஏமாற்றியிருக்கிறார் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சைக்கிளை வீட்டுக்கே திருப்பினேன்.

வாசலில் பெரியப்பா மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். பெண்களோடு பெரியம்மாவும் புளி தட்டிக்கொண்டிருந்தார். எல்லார் முன்னாலும் புத்தகத்தை நீட்டினேன்.

"பெரியப்பா, பத்துப் பக்கம்தான் பாத்தேன்னாங்க பெரியம்மா. கடைசிப் பக்கத்துல கூடப் புளி ஒட்டியிருக்குதுங்க."

தட்டும் சத்தம் நின்றது. பெரியம்மா குனிந்த தலை நிமிரவில்லை. பெரியப்பா பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். கறையைப் பார்த்தார், பெரியம்மாவின் கையைப் பார்த்தார்.

"நாவலு ஒரு வாட்டி பாத்தா எப்படித் தெரியும்?" என்றார் பெரியம்மாவிடம். "போயி கையக் கழுவிட்டு வந்து, மொதல்ல இருந்து ஒழுங்கா பாரு. புளிய இவங்க பாத்துக்குவாங்க."

ஊரே பயப்படும் பெரியப்பா இப்படி ஏமாறுகிறாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெரியம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, பட்டப்பகலில், அத்தனை பேர் முன்னாலும் அந்தப் புத்தகத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இந்த முறை தப்பவிடக் கூடாது என்று நான் எதிரிலேயே உட்கார்ந்து கண்காணித்தேன். வெகுநேரம் அவர் பக்கத்தைத் திருப்பவே இல்லை. முதல் பக்கத்திலேயே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவு கெட்ட கதையா என்று எனக்கே பயமாகிவிட்டது.