பிஸ்மத் காய்ச்சிய வெள்ளிக்கிழமை

ஆர்த்திகா பள்ளிக்கூடத்தை விட்டுப் போனது ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. விடியலிலிருந்து தூறல் நிற்கவில்லை. ஹாஸ்டல் வாசலில் நின்ற ஆட்டோவில் அவளுடைய அப்பா தவசி ட்ரங்குப் பெட்டியை ஏற்றினார். பிள்ளையின் வலது கண்ணைப் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொல்லி மூன்று நாள் ஆகியிருந்தது.

தவசி ஈரக் கையோடு ஆய்வக உதவியாளர் பாண்டீஸ்வரியிடம் வந்தார்.

"நீ மட்டும் அன்னைக்குப் பிள்ளைய அள்ளிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடலேன்னா மத்தக் கண்ணும் போயிருக்கும் தங்கச்சி." கும்பிட்டார்.

"கும்பிடாதீங்கண்ணே."

"உன்னையக் கும்பிடாம யாரைக் கும்பிட?"

ஆட்டோவுக்குள்ளிருந்து ஆர்த்திகா எட்டிப் பார்த்தாள். "அக்கா, இங்க வாங்களேன். ஒண்ணு மட்டும் கேக்கணும். அந்தக் கிண்ணத்த நான் சூடு பண்ணிக் காயவச்சேன்தான? நீங்க அங்கதான நின்னீங்க?"

"நான் கவனிக்கலடி."

"நல்லா யோசிங்கக்கா."

"கவனிக்கல தாயி."

ஆட்டோ கிளம்பிப் போனது. பேரையூர் பஸ்ஸைப் பிடிக்க அவர்களுக்கு நேரமாகிவிட்டது.

பாண்டீஸ்வரி கொட்டாம்பட்டிப் பக்கத்துக்காரி. அவள் அம்மா ஊரார் வயலில் களை பறித்தே பிள்ளைகளைப் பிளஸ் டூ வரை படிக்கவைத்தவள். கல்யாணமாகி வில்லாபுரத்துக்கு வந்த பாண்டீஸ்வரி, இந்தப் பள்ளியில் கூட்டிப் பெருக்கத்தான் முதலில் சேர்ந்தாள். பிறகு ஆய்வகத்தில் குடுவை கழுவ விட்டார்கள். எந்தப் பாட்டிலில் என்ன அமிலம் என்பது மூன்றே வருஷத்தில் லேபிள் பார்க்காமலே அவளுக்கு அத்துப்படியானது. லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து வீட்டோடு கிடக்கும் புருஷன் காளை, "நம்ம வீட்டு ரசத்துல மட்டும் எதையும் கலக்கிப்புடாதடி" என்று கேலி பேசுவான். ஒன்பது வருஷமாக அவள் வேலை நிரந்தரமாகவில்லை. நிரந்தர ஆணைக்கான கோப்பு அந்த வருஷம்தான் மேலே போயிருந்தது.

பிளஸ் ஒன் சேர்ந்த ஆர்த்திகா, மாவட்டக் கண்காட்சிக்கு உலோகப் படிகம் வளர்க்கப்போவதாகச் சொன்னதும் பள்ளியே சிரித்தது. செடியா கொடியா, உலோகம் வளர? ஆனால் பிஸ்மத் என்ற உலோகம் வளர்ந்தது. எவர்சில்வர் பாத்திரத்தில் அதை உருக்கி, அடுப்பை அணைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். மேலே ஆடை படரத் தொடங்கும் நேரத்தில், உறையாத உலோகத்தை வேறொரு கிண்ணத்தில் வடித்துவிட வேண்டும். அடியில் தங்குவது குட்டிக் குட்டிப் படிக்கட்டுகளாக நிற்கும். சூடு குறையாமல் காற்றுப் பட்டால் முதலில் மஞ்சள், அப்புறம் கத்தரிப்பூ நிறம், அதற்கும் மேலே நீலம். ஆர்த்திகாவுக்கு நீலம்தான் வேண்டும். ஏழு தடவை செய்தும் மஞ்சளைத் தாண்டவில்லை.

"அக்கா, வடிக்கிற கிண்ணத்துல ஒரு சொட்டுத் தண்ணி இருக்கக் கூடாது. உருகின உலோகம் பட்டா வெடிச்சுத் தெறிக்கும்."

"சரிங்க டீச்சர்" என்று பாண்டீஸ்வரி கைகட்டி நிற்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஆய்வகத்துக்குப் பூஜை போடுவது வருஷா வருஷம் பாண்டீஸ்வரிதான். ஆர்த்திகா கிண்ணத்தை அடுப்பில் காட்டிக் காயவைத்து மேசைமேல் வைத்துவிட்டு, தலைமையாசிரியையை அழைத்துவரப் போனாள். பாண்டீஸ்வரி தராசுக்கும் தாங்கிகளுக்கும் பொட்டு வைத்தாள். மாவிலையை மஞ்சள் தண்ணீரில் தோய்த்து எல்லாவற்றின் மேலும் தெளித்தாள். பிள்ளை இன்றைக்காவது ஜெயிக்கட்டும் என்று அந்தக் கிண்ணத்துக்கு மட்டும் இன்னொரு தரம் தெளித்தாள்.

அடியில் நாலு சொட்டு நின்றது. அவள் அதைப் பார்த்தாள். வெடிக்கும் என்று ஆர்த்திகா சொன்னதும் நினைவுக்கு வந்தது. தீர்த்தத்தைத் துணியால் துடைத்தால் அபசாரம் என்றும் தோன்றியது. அதற்குள் காய்ந்துவிடாதா என்று, சொட்டுகள் அப்படியே இருக்க, ஊதுபத்தி ஏற்றத் திரும்பிக்கொண்டாள்.

பூஜை முடிந்ததும் ஆர்த்திகா பிஸ்மத்தை உருக்கி ஆறவிட்டாள். ஆடை படரும் அந்த நொடியைப் பார்க்க, பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து, அந்தக் கிண்ணத்தில் வடித்தாள். பட்டாசுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் தலைமையாசிரியை ஒரு தாளை நீட்டினார். மாணவியின் கவனக்குறைவு என்று அதில் எழுதியிருந்தது. "அந்தப் பிள்ளையே, நான்தான் சரியாப் பாக்கலன்னு சொல்லுது. நீ பூஜை அது இதுன்னு பேசி உன் ஆர்டரக் கெடுத்துக்காத பாண்டீஸ்வரி." பார்த்த சாட்சி என்ற இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

தை மாதம் ஆணை வந்தது. காளை தெருவுக்கே கேசரி கொடுக்கச் சொன்னான். அவள் தன் பங்கைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள்.

விபத்து நடந்த அன்றைக்கு உருக்கிய பாத்திரத்தின் அடியில் தங்கியதை எவரும் உடனே பார்க்கவில்லை. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் முழுக்க நீலம். தலைமையாசிரியை அதை அலுவலகக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். பெயர்ச்சீட்டு ஒட்டவில்லை. வருகிற அதிகாரிகள் எல்லாரும் குனிந்து பார்த்து, யார் செய்தது என்று கேட்பார்கள். வாரம் ஒருமுறை தூசி தட்டும் பாண்டீஸ்வரி அலமாரியின் அந்தத் தட்டை மட்டும் பார்க்காமலே துடைத்தாள். ஆய்வகத்தில் பூஜையை நிறுத்திவிட்டாள். ஏனென்று கேட்டவர்களிடம் இடுப்பு வலி என்றாள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால், அடித்து ஓயும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டு வருஷம் கழித்து, ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம், காளைக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது.

"அக்கா, நான் பேரையூர் ஆர்த்திகா. பி.எஸ்ஸி கெமிஸ்ட்ரி சேந்துட்டேன். இன்னைக்கு எங்க லேப்ல பூஜை. மேசையில இருந்த எல்லாத்து மேலயும் தண்ணி தெளிச்சாங்க. அதப் பாத்ததும் எனக்கு நம்ம லேப் பூஜையும் அந்தக் கிண்ணமும் ஞாபகம் வந்துச்சு. ரெண்டு வருஷமா நான்தான் சரியாக் காயவைக்கலன்னு நெனச்சு அழுதிருக்கேன். அப்பாகிட்ட இப்பத்தான் சொன்னேன். அவரு உடனே சட்டைய மாத்திக்கிட்டுக் கெளம்பிட்டாரு, நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் உங்க வீட்டுக்கு வாரோம். இருங்க."