முட்டைக்கோசுக்குப் பிடித்த கழிவு

பச்சைத் தேயிலை வாடுகிற வாசனை மூக்கில் ஏறினால், எங்கள் எஸ்டேட் கிளார்க் ஐயா வீட்டு ரேடியோவின் கரகரப்பும் கூடவே எனக்குக் கேட்கும். கொழும்பில் இந்தியா, இலங்கை, பர்மா, பாகிஸ்தான் என்று நாலு நாட்டுக்காரர்கள் கால்பந்து ஆடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை இந்தியாவும் இலங்கையும் மோதுகின்றன என்று அந்த ரேடியோ சொன்னதும், நீலகிரி எஸ்டேட் பிள்ளைகள் நாங்களும் ஒரு போட்டி வைத்தோம். தொழிலாளர் வீட்டு வரிசைகளில் "மேட்டு லைன்" இந்தியா. என் சித்தப்பா இலங்கைத் தோட்டத்தில் வேலை பார்த்ததால் "பள்ளத்து லைன்" நாங்கள் இலங்கை. ஜெயிக்கிற லைனுக்கு ரேடியோ பக்கத்தில் இடம், தோற்றவர்களுக்குச் சாக்கடையோரம். சமமாக முடிந்தால், விருந்தாளி நாடு என்பதால் எங்களுக்கே இடம். "மேட்ச் பார்க்கப் போவேன்" என்று சித்தப்பா கடுதாசி போட்டிருந்தார். கூட்டத்தின் இரைச்சலில் அவருடைய விசில் கேட்கும், நானும் பதில் சொல்லலாம் என்று நம்பியிருந்ததால், அந்த இடம் எனக்குக் கட்டாயம் வேண்டியிருந்தது.

சனிக்கிழமை இலை எடை முடிந்ததும், எடை மேஸ்திரியையே நடுவராக நிறுத்தி, எடைக் கொட்டகை முன்னால் ஆடினோம். பந்து, பழைய பச்சைச் சேலையைச் சுருட்டித் தைத்தது. கோல் விழாமலே ஆட்டம் முடியப்போகையில் மூடுபனி இறங்கியது. பக்கத்து முட்டைக்கோஸ் தோட்டத்துக்குள் உருண்ட பந்தைத் தேடிப் போன மேட்டு லைன் மேரி, அங்கே அறுத்துப் போட்டிருந்த முட்டைக்கோஸ் ஒன்றைப் பந்தென்றே தூக்கி வந்து ஓங்கி உதைத்தாள். அது வெடித்து, பாதி, கோல் என்று வைத்து நான் காவல் நின்ற இரண்டு கூடைகளுக்கு நடுவே உள்ளே குட்டைத் தண்ணீரில் விழுந்தது, பாதி வெளியே.

"கோலு!" என்று குதித்தாள் மேரி.

"அது பந்தே இல்லடி, பொரியலு!" என்றேன்.

மேஸ்திரி அவசரப்படவில்லை. இரண்டு பாதியையும் பொறுக்கி இலைத் தராசில் தொங்கவிட்டார். உள்ளே விழுந்த பாதிதான் கனம். அப்புறம் காதிலிருந்த பென்சிலை எடுத்து, ஈர இலைக்கு எங்கள் அம்மாமார்களிடம் தினமும் எடையில் பிடிக்கிற "தண்ணிக் கழிவை" நனைந்த அந்தப் பாதிக்கும் பிடித்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, இது அநியாயமுங்க!" என்றாள் மேரி.

"நனைஞ்ச எலைக்குக் கழிவு பிடிக்காம நான் என்னைக்குப் புள்ள எடை போட்டிருக்கேன்? வெளிய கெடக்கறதுதான் ஜாஸ்தி. கோல் இல்ல, போங்க."

அந்தக் கழிவை நாள் தவறாமல் திட்டுகிற என் அம்மா, அன்றைக்கு மட்டும் கைதட்டினாள்.

மறுநாள் ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். இங்கிலீஷில் யாரோ மூச்சுவிடாமல் பேசினார். யார் ஜெயித்தது என்று நான் கவனிக்கவே இல்லை. இரைச்சலுக்கு நடுவே ஒரு விசில் கேட்டது. "சித்தப்பா, நான் நல்லாருக்கேன்!" என்று கத்தினேன்.

"மெதுவா கண்ணு, கொழும்புல ஆட்டம் நின்னுரப் போகுது," என்றார் கிளார்க் ஐயா.

இன்று கிளார்க் வீடு, ஊட்டி பார்க்க வருகிறவர்கள் தங்கும் காட்டேஜ். முட்டைக்கோஸ் தோட்டத்தில் அவர்களுடைய கார்கள் நிற்கின்றன. எடைக் கொட்டகை இருந்த இடமே தெரியவில்லை. பல வருஷம் கழித்துத் திரும்பி வந்த சித்தப்பா, அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை, மேட்சுக்கே போகவில்லை என்றார். சாகும்வரை அதையே சொன்னார். அவருக்கு மறதி. விசில் கேட்டது என் காதில்தானே, அவர் காதிலா?