ஐந்தாம் வகுப்பில் ஒரு நாற்காலி

சங்கரன்கோவிலில் நான் படித்த பள்ளிக்கூடத்தில், வகுப்பறைகளில் ஆசிரியர்களுக்கு மேசை உண்டு, நாற்காலி கிடையாது. டீச்சர் உட்கார்ந்தால் வகுப்பு தூங்கிவிடும் என்பது தாளாளரின் கொள்கை. அவர் அறையில் ஒரு சுழல் நாற்காலியும், எல்லா வகுப்புகளையும் காட்டும் ஒரு கேமரா திரையும் இருந்தன.

அம்மா அங்கே தமிழ் டீச்சர். கணக்கு, அறிவியல் டீச்சர்களுக்கு நாளில் ஓரிரு பீரியட் ஓய்வு இருந்தது. தமிழ், ஹிந்தி டீச்சர்களுக்கு அதுவும் இல்லை. யார் லீவு போட்டாலும் அந்த வகுப்புக்கு அவர்களைத்தான் அனுப்புவார்கள். மொழிப் பாடத்துக்கு என்ன பெரிய தயாரிப்பு வேண்டும் என்று தாளாளர் கேட்பாராம். அம்மாவின் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தது. நடுநடுவே உட்காராவிட்டால் புண்ணாகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஆனால் முந்தைய வருடம் ஹிந்தி டீச்சர் ஒருவர் தலைசுற்றி, பிள்ளைகளின் பெஞ்சு நுனியில் உட்கார்ந்ததைத் தாளாளர் திரையில் பார்த்தார். மறுவாரம் அந்த டீச்சர் வேலையில் இல்லை. அதன்பிறகு அம்மா வீட்டில்கூட நாற்காலியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது அம்மாவே எனக்கு வகுப்பாசிரியை. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பெற்றோர் கூட்டம் வந்தது. அன்றைக்கு மட்டும் பந்தல்காரரிடமிருந்து சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வாடகைக்கு வரும், வகுப்புக்கு ஒன்று. பெற்றோர் அதில் உட்கார, டீச்சர் நின்றுகொண்டு மார்க்கைச் சொல்ல வேண்டும். டீச்சரின் கணவருக்கும் விலக்கில்லை. விசைத்தறியில் வேலை பார்த்த அப்பா, அரைநாள் லீவு சொல்லிவிட்டு வர வேண்டியிருந்தது.

"வந்தமா, கையெழுத்து போட்டமான்னு இருக்கணும். அங்கன வந்து வாயத் திறக்கப்படாது" என்று அம்மா முதல்நாளே சொல்லியிருந்தாள்.

"நான் எதுக்குத் திறக்கேன்?" என்றார் அப்பா.

மறுநாள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். முன்பின் தெரியாத ஆளிடம் பேசுவதுபோல அம்மா பேசினாள். "இங்கிலீஷ்ல கொஞ்சம் வீக். வீட்டுல பாத்துக்கிடுங்க சார்."

"வீட்டுல பிள்ளைய அவ அம்மாதான் பாக்கா, டீச்சர். சொல்லி வைக்கேன்."

வகுப்பு சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உடம்பை மாற்றினாள். அப்பா அதைப் பார்த்தார். எழுந்து, நாற்காலியை அம்மா பக்கம் தள்ளினார்.

"நீங்க இருங்க டீச்சர்."

"கேமரா இருக்கு" என்றாள் அம்மா, உதடு அசையாமல்.

"இருக்கட்டும். பேரண்ட் சேர்தானே? பேரண்ட் நான் தாரேன்."

அம்மா கேமராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

திரையில் பார்த்துவிட்டுத் தாளாளர் வருவதற்குள், வரிசையில் அடுத்ததாக இருந்த வளையல் கடை அக்காவும் உள்ளே வந்து, அப்பா பக்கத்தில் நின்றுவிட்டார்.

"என்ன சார், நிக்கீங்க?" என்றார் தாளாளர்.

"தறியில நின்னு பழகின காலு அண்ணாச்சி. உக்காந்தா குடையுது."

"நானும் நிக்கேன் சார்" என்றார் வளையல் கடை அக்கா. "டீச்சர் உக்காந்து சொன்னாத்தான், எம்மவன் பண்ணுத சேட்டைய முழுசாச் சொல்லி முடிக்க முடியும்."

வாசலில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஃபீஸ் கட்டுகிறவர்களை அதட்டிப் பழக்கமில்லாத தாளாளரும் சிரித்தார். அம்மா பக்கம் திரும்பியபோது அந்தச் சிரிப்பு இல்லை. அம்மா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே வளையல் கடை அக்காவுடைய மகனின் மார்க்கை வாசிக்கத் தொடங்கினாள்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்குப் போனபோது, எல்லா வகுப்புகளிலும் மேசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. சாய்மானம் இல்லாத ஸ்டூல். தாளாளருக்கு முழுதாகத் தோற்க மனமில்லை போலும். அடுத்த ஜூனில் தமிழ், ஹிந்தி டீச்சர்கள் சேர்ந்து போய் ஓய்வுப் பீரியட் கேட்டார்கள். அதுவும் கிடைத்தது.

அப்பா நாற்காலியை விட்டுக்கொடுத்த கதையை நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவருக்கென்ன, கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். மறுநாள் காலை அதே தாளாளர் அறையைக் கடந்து வகுப்புக்குப் போக வேண்டியவள் அம்மா. அன்றைக்குத் துணிச்சலாக ஒரு காரியம் செய்தது யார் என்று அந்த வயதில் கேட்டிருந்தால், நின்றவரைத்தான் நான் காட்டியிருப்பேன், உட்கார்ந்தவளை அல்ல.