கப்பலேறாத பூச்சி

இலைச்சுருளைக் கண்டால் நசுக்கிவிட வேண்டும் என்பது எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஆனா ஆவன்னாவுக்கு முன்பே படித்துவிடும் பாடம். தேயிலையைக் கெடுக்கும் புழு அதற்குள்தான் இருக்கும். என் ஒன்பதாவது வயதில் அந்தக் கெட்டிக்காரத்தனமே வினையாகிவிட்டது.

அப்புத்தளைக்குக் கீழே இருந்த எங்கள் தோட்டத்துக்கு, பூச்சிகளை ஆராயும் யாழ்ப்பாணத்து மிஸ் ஒருவர் வந்திருந்தார். ஓடையோரக் காட்டுச்செடியில் இலையைச் சுருட்டிக்கொண்டு வளரும், நொய்யரிசி அளவேயான ஓர் அந்துப்பூச்சி அவருக்கு உயிரோடு வேண்டும். கொழுந்து பறிப்பவர்களிலேயே கண் கூர்மையானவர் என்று என் அம்மாவைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை. அன்று பிற்பகல் ரயிலில் மிஸ் திரும்பியாக வேண்டும்.

கூடவே ஒட்டிக்கொண்டு போன என் கண்ணில் ஒரு சுருள் பட்டது. பட்டதும் கை தானாக நசுக்கிவிட்டது. குரங்கு கையில் பூமாலை கதைதான்.

"கொன்னுட்டேன் மிஸ்!" என்று பெருமையாக நீட்டினேன். மிஸ்ஸின் முகம் வாடிப்போயிற்று. அம்மா என்னை முறைத்தார். திட்டுவதற்கு நேரமில்லை.

"கொஞ்சம் இருங்க மிஸ், பாக்குறேன்" என்றவர், கொழுந்து பறிக்கும் வேகத்தில் இரண்டு கைகளாலும் செடிகளைத் துழாவிக்கொண்டே போனார். ஓர் இலைகூடக் கிழியவில்லை. ஓடை திரும்பும் இடத்தில் நின்று, ஒரு சுருளை மெல்லப் பிரித்துக் காட்டினார். இறகில் பொன்கோடு ஓடிய பூச்சி ஒன்று, அப்போதுதான் பிறந்த ஈரத்தோடு உள்ளே உட்கார்ந்திருந்தது. அத்தனை சின்ன உடம்பில் அத்தனை வேலைப்பாடு! அந்தப் பூச்சியையும் அதைக் கண்டெடுத்த கையையும் நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

"இது இலங்கையில மட்டுந்தான் இருக்கு. உலகத்தில வேற ஒரு இடத்திலயும் இல்லை, தெரியுமே?" என்றார் மிஸ்.

அம்மா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இத யாரும் கப்பலேத்தி அனுப்ப முடியாதுங்களே" என்றார்.

பூச்சிக்கு எதற்குக் கப்பல்? நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மிஸ் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு பெரியம்மா உண்டு என்பதோ, உன் நாடு இந்தியா என்று சொல்லி அரசாங்கத்தார் அவரைத் தலைமன்னாரில் கப்பலேற்றிவிட்டார்கள் என்பதோ எனக்கு அப்போது தெரியாது. பெரியம்மாவும் அந்த ஓடைக்கரையில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர்தான்.