பொங்கல் தின்ற செம்மறி

பட்டிப்பொங்கலுக்கு மறுநாள் எங்கள் வீட்டுச் செம்மறி சாகக் கிடந்தது. காரணம் நோயல்ல. அன்பு!

என் மகள் மகேசு நெருப்புக் காய்ச்சலில், அதாவது டைபாய்டில், கிடந்ததை பத்திரிகையின் இந்தப் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். பிழைத்துவிட்டாள். ஆனால் சாப்பாட்டில் மனம் செல்லவில்லை. கட்டிலை விட்டு அவளை எழுப்பியது ஒன்றே ஒன்றுதான் — அவளுடைய செம்மறி வெள்ளைச்சி. அதற்குப் பூவரசங்குழை நீட்டுவதற்காக எழுந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அது தின்றால் தானும் இரண்டு வாய் கஞ்சி குடிப்பாள்.

நானோ கிருமிகளோடு போரிட்டுக்கொண்டிருந்தேன். காய்ச்சல் தண்ணீரில் இருக்கும் கிருமியால் வருவது என்று டாக்டர் சொன்ன நாள் முதல் எங்கள் குசினியில் அடுப்பு அணைந்ததில்லை. தண்ணீர் கொதித்தது. கரண்டி கொதித்தது. கோப்பை கொதித்தது...

"இனி நீங்கள்தான் மிச்சம். நீங்களும் பானைக்குள்ள இறங்குங்கோ" என்றாள் மனைவி.

சிரிப்பு வரவில்லை. பிள்ளையின் நெற்றி நெருப்பாய்ச் சுட்டதை என் உள்ளங்கை இன்னும் மறக்கவில்லை.

சரி, மாடுகளுக்குப் பொங்கும் பட்டிப்பொங்கலுக்கு வருவோம். புளியங்கூடலில் எங்கள் ஒழுங்கையில் மாடில்லாத வீடு எங்களுடையது மட்டுந்தான். ஆகவே வெள்ளைச்சிக்கே பொட்டு, வெள்ளைச்சிக்கே மாலை. பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வாழையிலையில் பொங்கல் வந்தது — பிள்ளைக்கல்ல, பிள்ளையின் ஆட்டுக்கு! அயலவரின் பாசத்தைத் தடுக்க யாருக்கு மனம் வரும்? வெள்ளைச்சி பொங்கலைத் தின்றது. பிறகு இலையையும் தின்றது.

விடிந்தபோது அதனால் எழும்ப முடியவில்லை. வயிறு உப்பியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. வாயில் புளித்த வாடை. இரைமீட்கவேயில்லை. மகேசு அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கஞ்சியைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆடு போனால் போகட்டும்... அதோடு இவளும் மறுபடி படுத்துவிட்டால்?

நல்ல காலம். என் மனைவியின் தம்பி மிருக வைத்தியர்; பொங்கலுக்கு வந்தவர், யாழ்ப்பாணத்துக்கு இன்னும் லோஞ்ச் படகு ஏறவில்லை.

"அத்தான், என்ன குடுத்தனீங்கள்?"

"பொங்கல்தான்."

"எவ்வளவு?"

"எவ்வளவெண்டு சொல்லுறது... ஒழுங்கை முழுக்கக் குடுத்தது."

"அப்ப ஒழுங்கை முழுக்கச் சேர்ந்து கொல்லப் பாத்திருக்கிறியள்!"

மகேசு தலையை நிமிர்த்தினாள். "எனக்கு மட்டும் எந்தநாளும் கஞ்சி. இவளுக்கு ஒரே நாளில பொங்கலோ, அப்பா?"

நான் கொதித்தாறிய தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தேன்.

மச்சான் புளிப்பை முறிக்க அப்பச்சோடாவைக் கரைத்து மூங்கில் குழாயால் பருக்கினார். பிறகு பக்கத்து வீட்டுப் பொன்னம்மாக்காவின் செம்மறியைக் கொண்டுவரச் சொன்னார். அது நிம்மதியாக இரைமீட்டுக்கொண்டு வந்து நின்றது. அதன் வாய்க்குள் விரலை விட்டார். அது மென்றுகொண்டிருந்த பச்சை உருண்டையை அப்படியே வெளியே எடுத்தார்!

"ஐயோ தம்பி, அது எச்சிலெல்லோ!" என்று பொன்னம்மாக்கா அலறினார்.

"ஓம் அக்கா, எச்சில்தான் மருந்து. உங்கட ஆடே பேசாமல் நிக்குது, நீங்கள் ஏன் கத்துறியள்?"

நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். "நில்லும்! அதில கிருமி இருக்குமெல்லோ?"

"நிறைய இருக்கு, அத்தான். அதுக்காகத்தானே குடுக்கிறன்."

கிருமியைக் கொல்லத்தானே இத்தனை பாடு?

"புல்லை ஆடு சமிக்கிறேல்லை, அத்தான். வயித்துக்குள்ள இருக்கிற கிருமியள்தான் சமிக்குது. அதில ஒரு துளியை எடுத்துப் மைக்கிரஸ்கோப்பில பாத்தனான் — திருவிழாச் சனம் மாதிரி! புல்லுத் தின்னுற கிருமி வேற, சோறு தின்னுற கிருமி வேற. குழையே திண்ட ஆட்டுக்குத் திடீரெண்டு சோத்தை அள்ளிப் போட்டால், சோத்துக் கிருமி கண்டபடி பெருகி வயித்தைப் புளிக்கப் பண்ணிப்போடும். அந்தப் புளிப்பில புல்லுக் கிருமி செத்துப்போகும். இப்ப இவளின்ர வயிறு வெறும் வீடு. குடியிருக்கச் சனம் வேணும். கையை விடுங்கோ."

விட்டேன். சும்மா விடவில்லை, கண்ணை மூடிக்கொண்டு விட்டேன்.

பச்சை உருண்டையைத் தண்ணீரில் பிசைந்து பருக்கினார். மறுபடியும் எடுத்தார், மறுபடியும் பருக்கினார். இனிக் காய்ந்த புல் மட்டும், குழைகூடக் கொஞ்சங் கொஞ்சமாகத்தான் என்றார்.

பின்னேரம், வெயில் சாய்கிற நேரம், மகேசு கத்தினாள். "அப்பா! வாயைப் பாருங்கோ!"

வெள்ளைச்சியின் தாடை அசைந்தது. பக்கவாட்டில், மெதுவாக... ஒருமுறை, இன்னொருமுறை. இரைமீட்டது! ஓர் ஆடு மெல்லுவதைப் பார்த்து நான் கண் துடைத்தேன் என்றால் நம்புவீர்களா?

"மாமா, என்ர வயித்துக்குள்ளயும் நல்ல கிருமி இருக்கோ?"

"இருக்கும், பிள்ளை. காய்ச்சலுக்குப் பிறகு அதுகளும் களைச்சுப்போய்க் கிடக்கும். மோரிலயும் அப்பிடியான நல்ல கிருமி இருக்கு."

மகேசு தன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "அப்ப எனக்குக் கொஞ்சம் மோர் தாங்கோ."

காய்ச்சலுக்குப் பிறகு அவளாகக் கேட்ட முதல் சாப்பாடு! மச்சானைப் பார்த்தேன். தலையாட்டினார். மோரைச் சோற்றில் குழைத்து நானே ஊட்டினேன். முழுவதும் சாப்பிட்டாள்.

வெள்ளைச்சி இப்போது வேலியை மேய்கிறது. மகள் ஒழுங்கையில் நடக்கிறாள். பயப்படுவதை மட்டும் நான் இன்னும் விடவில்லை. ஒரேயடியாக விட்டால் எனக்கு ஒத்துக்கொள்ளாது, பாருங்கள்... கொஞ்சங் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்!