எத்தனை அடி?

ஆரோக்கியம் அண்ணன் இறந்துவிட்டார். தளவாய்புரம் மினி பஸ் கண்டக்டர்... நம்ப முடியவில்லை.

நேற்று சாயங்காலம் பாலத்தில் உட்கார்ந்திருந்த பையன்கள், ஓடுகிற பஸ் மேல் கல் எறிந்திருக்கிறார்கள். அண்ணன் வழக்கம்போலப் படியில் நின்றிருக்கிறார். நெற்றிப்பொட்டில் பட்டிருக்கிறது. மதுரைக்குக் கொண்டு போகும் வழியிலேயே...

டைப் பண்ண முடியவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எழுதியதையே அழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒருநாள் அவர் டீ குடிக்க இறங்கியதும் நான் வாயாலேயே டபுள் விசில் அடித்துவிட்டேன். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். அண்ணன் கிளாஸோடு பின்னால் ஓடி வந்து ஏறினார்.

திட்டுவார் என்று பார்த்தால், "தொப்பை செத்தக் கொறஞ்சிருக்குலே. நாளைக்கும் அடி" என்றார்.

பிளஸ் டூ முடித்து வேலைவெட்டி இல்லாமல் பஸ்ஸில் சுற்றிக்கொண்டிருந்தபோது, "அண்ணே, போரடிக்குண்ணே" என்றேன்.

"எத்தனை அடிலே? தண்ணி வந்துச்சா?"

பஸ்ஸே சிரித்தது. ஊரையே கலாய்க்கிற நான் அன்றைக்கு அவுட்.

கல் எறிந்த மூன்று பேரையும் பிடித்துவிட்டார்கள். மூவரும் பிளஸ் டூவில் என் கிளாஸ். அண்ணன் மேல் ஒரு கோபமும் கிடையாது, அதே பஸ்ஸில்தான் ஸ்கூலுக்கு வந்தார்கள்.

ஏன்லே எறிஞ்சீங்க என்று போலீஸ் கேட்டதற்கு ஒருவன் சொன்னானாம். "போரடிச்சுச்சு சார். கண்ணாடில படுமா படாதான்னு பெட்டு."

அவன்தான் நேற்று எனக்கும் மெசேஜ் போட்டிருந்தான். "ஏலே பாலத்துக்கு வா. போரடிக்கு."

நான் போகவில்லை. நல்ல பிள்ளை என்பதால் இல்லை... பைக்கை அப்பா எடுத்துப் போயிருந்தார். அம்புட்டுதான்.

பைக் இருந்திருந்தால்?

கிரிக்கெட்டில் டைரக்ட் ஹிட் என்றால் எங்கள் செட்டில் நான்தான். கல்லை என் கையில்தான் கொடுத்திருப்பார்கள். வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா... தெரியவில்லை. ராத்திரியெல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதும்போதே போன் அதிர்ந்தது. செட்டில் இன்னொருவன்.

"எல்லாரும் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கானுவ. போரடிக்குலே. வெளிய வாரியா?"

போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மறுபடியும் அதிர்கிறது.

அண்ணே... எத்தனை அடின்னு நீங்களே அவன்ட்டக் கேளுங்கண்ணே. எனக்கு வாய் வரல.

போயிட்டு வாங்க.