இருபது மாத வாரண்டி

எங்கள் தொழிலில் ஒரு எண்ணைச் சொன்னால், அது எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. யாருக்காக வந்தது என்றுதான் கேட்பார்கள். புள்ளியியல் படித்துவிட்டுத் தொழிற்சாலைக்குள் நுழைந்த சக பாவிகளுக்கு இது புரியும். தொண்ணூறுகளின் நடுவில், வேலூரிலிருந்து வந்து அடுகோடியில் ஒரு சிறிய மிக்ஸி கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலையில் சேர்ந்திருந்தேன்.

தலைகீழாகப் படித்த அட்டவணை

மிக்ஸி மோட்டாரில் முதலில் தேய்வது கார்பன் பிரஷ், மின்சாரத்தை உள்ளே கடத்தும் சிறிய கரித்துண்டு; அது தேய்ந்தால் மிக்ஸி நின்றுவிடும். வாரண்டிக்குள் நூற்றுக்கு ஐந்து மிக்ஸிக்கு மேல் திரும்பி வரக்கூடாது, எத்தனை மாதம் கொடுக்கலாம் என்று முதலாளி கேட்டார். மோட்டார்களை இடைவிடாமல் ஓட்டிச் சோதித்து, வீட்டு உபயோகக் கணக்குக்கு மாற்றிப் பார்த்ததில் பிரஷ்ஷின் சராசரி ஆயுள் முப்பது மாதம்; சராசரியிலிருந்து சிதறும் அளவான திட்ட விலக்கம் ஆறு மாதம். பெரும்பாலானவை நடுவில் கூடி, சீக்கிரம் தேய்பவை இடது ஓரத்தில் மெலிந்து நிற்கும் மணி வடிவ வளைவு. அந்த ஓரத்தில் ஐந்து சதவீதப் பரப்பு எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். வழக்கமாகப் புள்ளியியல் புத்தகத்தில் உள்ள அட்டவணையின் ஓரத்து எண்ணை வைத்து உள்ளே பரப்பைத் தேடுவோம். நான் உள்ளே பரப்பைத் தேடிப் பிடித்து ஓரத்துக்கு வந்தேன். சராசரிக்குக் கீழே 1.645 மடங்கு திட்ட விலக்கம், அதாவது ஏறக்குறைய பத்து மாதம். முப்பதில் அது போக, இருபது மாதம் என்றேன்.

விற்பனை மேலாளர் மஞ்சுநாத்துக்கு முகம் சுருங்கியது. கடைக்காரர்களுக்கு இரண்டு வருடம் என்று வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டு வருடம் என்றால் நூற்றுக்குப் பதினாறு திரும்பி வரும் என்றேன். அவர் என் புத்தகத்தை வாங்கி, அட்டவணையை மேலும் கீழும் பார்த்துவிட்டு முதலாளி பக்கம் திரும்பினார்.

"சார், இதுல மிக்ஸின்னு ஒரு வார்த்தைகூட இல்லை."

அல்சூர் டீச்சர்

முதலாளி இருபது மாதமே போட்டார். அடுத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, அல்சூரிலிருந்து ஜெசிந்தா டீச்சர் மிக்ஸியைத் துணிப்பையில் தூக்கிக்கொண்டு நேராகத் தொழிற்சாலைக்கே வந்தார். இருபத்தோராம் மாதம் நின்றுபோயிருந்தது. இருபது என்று முடிவு செய்த ஆளைப் பார்க்க வேண்டும் என்றார். மஞ்சுநாத் சந்தோஷமாக என்னைக் காட்டிவிட்டார்.

பெரும்பாலான மிக்ஸிகள் முப்பது மாதத்தை ஒட்டி ஓடும், உங்களுடையது கொஞ்சம் அதிர்ஷ்டம் குறைந்தது என்று பக்குவமாக விளக்கினேன். டீச்சர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். வகுப்பில் பொய் சொல்லும் பிள்ளையைப் பார்ப்பதுபோலக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அப்போ எப்போ நிக்க ஆரம்பிக்கும்னு முன்னாடியே கணக்குப் போட்டுட்டு, அதுக்கு முன்னால வரைக்கும்தானே எழுதிக் கொடுத்தீங்க?"

பிரஷ்ஷை இலவசமாக மாற்றிக் கொடுக்கச் சொன்னேன்.

பாஷா

பிறகு திடீரென்று வாரண்டிக்குள்ளேயே மிக்ஸிகள் குவிந்தன. நூற்றுக்கு ஐந்தெல்லாம் இல்லை, எங்கேயோ போய்விட்டது. சர்வீஸ் மெக்கானிக் பாஷா மிக்ஸிகளிலிருந்து நல்ல பிரஷ்ஷைக் கழற்றி வெளியே விற்றுவிட்டுத் தேய்ந்ததை மாட்டுகிறார் என்று மஞ்சுநாத் சொல்ல, முதலாளி அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். பாஷா கருவிப்பெட்டியை மூடி வைத்துவிட்டுப் போனார். அவர் வீட்டில் சம்பாதிக்கும் ஆள் அவர் ஒருவர்தான்.

எனக்கும் சந்தேகம்தான், ஆனால் ஆள்மேல் அல்ல, பிரஷ்மேல். ஸ்டோரிலிருந்து புதிய பிரஷ்களை வாங்கி மறுபடி சோதித்தேன். சராசரி ஆயுள் இருபத்து நான்கு மாதமாக இறங்கியிருந்தது. வளைவு முழுவதும் இடப்பக்கம் நகர்ந்தால், இருபது மாதத்துக்குள் நான்கில் ஒன்று திரும்பத்தான் செய்யும். விசாரித்தால், பிரஷ் வாங்கும் இடத்தையே மாற்றியிருந்தார்கள். முதலாளிதான் கையெழுத்துப் போட்டிருந்தார். என்னிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பாஷாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மன்னிப்பு என்று யாரும் எதுவும் கேட்கவில்லை. முதல் நாள் மதியம் என் மேஜைக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நிமிர்ந்தேன். அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மேடம், நிஜமா சொல்லுங்க, என்னைக் காப்பாத்தணும்னு பார்த்தீங்களா, இல்ல உங்க இருபதைக் காப்பாத்தணும்னா?"

பரப்பிலிருந்து மதிப்பைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். அதைச் சொன்னவளுக்கு உள்நோக்கம் எதுவும் இல்லை என்று நம்பவைக்கத்தான் உத்தியோக காலம் முழுவதும் போதவில்லை.